செல்போன் வீடியோவுக்கு வசனம் எழுத ஏ.ஐ.: கேட்பது எப்படி? சரிபார்ப்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் எங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார்: "ராகி மாவு இருக்கு, புளி இருக்கு, ஊறுகா இருக்கு. கண்காட்சி வந்தா நாலு நாளு நல்லா விக்குது. அப்புறம் மூட்டை அப்படியே கெடக்குது. மத்தவங்க எல்லாம் செல்லுல வீடியோ போட்டு விக்கறாங்க. நாம எப்பங்க போடறது?"

நியாயமான கேள்வி. வீட்டுக்கு ஒரு செல்போன் வந்துவிட்டது. வீடியோ எடுக்கப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் கேமராவுக்கு முன்னால் நின்றால் என்ன பேசுவது என்று தெரிவதில்லை. நல்லா வாயாடுகிறவர் கூட, "வணக்கம்... நாங்க... வந்து..." என்று நின்றுவிடுகிறார்.

என்ன பேசலாம், எதை முதலில் காட்டலாம் என்று எழுதித் தருவதற்குச் செல்போனிலேயே இப்போது ஒரு வசதி இருக்கிறது. அதுதான் செயற்கை நுண்ணறிவு. சுருக்கமாக ஏ.ஐ. என்கிறார்கள். எங்கள் குழு அதைப் பயன்படுத்திப் பார்த்தது. நன்மையும் கண்டோம், ஒரு பெரிய தவறும் செய்தோம். இரண்டையும் மறைக்காமல் இங்கே எழுதியிருக்கிறோம். நாங்கள் இடறிய இடத்தில் நீங்கள் இடறக் கூடாது என்பதற்காகத்தான்.

கேமரா பெண்களுக்குப் புதிதல்ல

"இதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று யாராவது சொன்னால், நம் கதையை நினைத்துப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை; 2004-இல்தான் பிரிந்தது. அன்று கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். பிறகு வங்கிக்குப் போனார்கள். பிறகு ஏ.டி.எம். கார்டு. இன்று செல்போனில் பணம் அனுப்புகிறோம். ஒவ்வொன்றும் முதலில் பயமாகத்தான் இருந்தது.

வீடியோவும் அப்படித்தான். 1984-லேயே குஜராத்தில் சேவா சங்கத்தின் பெண்களுக்கு வீடியோ எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எழுதப் படிக்கத் தெரியாத காய்கறி வியாபாரிகளும் இருந்தார்கள். தெலுங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த ஏழை தலித் விவசாயப் பெண்கள் கேமரா பிடிக்கக் கற்று, 2001-இல் தங்களுக்கென்று ஓர் ஊடக அமைப்பே தொடங்கினார்கள்.

கேமராவை வைக்கும் கோணங்களுக்கு அந்தப் பெண்கள் தாங்களே பெயர் வைத்தார்கள். கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தால் ஆள் பெரியவராகத் தெரிவார். மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் ஆள் சிறுத்துத் தெரிவார். இந்த இரண்டில் ஒன்றுக்குப் பட்டேல், அதாவது அந்தப் பக்கத்து நிலக்கிழாரின் பெயர்; மற்றொன்றுக்குப் பண்ணையாளின் பெயர். கண்ணுக்கு நேராக, சமமாக எடுப்பது 'சங்கம் ஷாட்'. ஏனென்றால் சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருகிறார்கள். நாம் எடுக்கும் வீடியோவும் அந்தச் சங்கம் ஷாட்டாகவே இருக்கட்டும். செல்போனைக் கண் மட்டத்தில் பிடியுங்கள். எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

ஏ.ஐ. என்பது என்ன?

தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதித் தருபவரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான மனுக்கள் எழுதிய கை. "ஐயா, பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்து மடமடவென்று எழுதிவிடுவார். ஆனால் நம் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. நாம் சொன்னால் எழுதுவார். சொல்லாமல் விட்டால் வழக்கமாக எல்லோருக்கும் எழுதுவதை நமக்கும் எழுதிவிடுவார்.

ஏ.ஐ.யும் ஏறக்குறைய அப்படித்தான். கோடிக்கணக்கான பக்கங்களைக் கணினிக்குக் கொடுத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழக்கியிருக்கிறார்கள். அதனால் கேட்ட உடனே சரளமாக எழுதுகிறது. ஆனால் அதற்கு நம் களத்துமேடு தெரியாது, நம் மாவு தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், பாதி ஆபத்து நீங்கியது.

சாட்ஜிபிடி என்பது 2022 நவம்பரில் வந்தது. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூன் மாதம் இந்தியாவில் 9 இந்திய மொழிகளோடு வந்தது. அதில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. நமக்கு வேண்டிய அளவுக்கு இலவசமாகவே கிடைக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை. டைப் அடிக்கத் தெரியாதவர்கள் கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழிலேயே பேசலாம், எழுத்தாக மாறும். ஒருவர் படிக்க, ஒருவர் பேச, குழுவாக உட்கார்ந்து செய்வது இன்னும் நல்லது.

எங்கள் குழு செய்த தவறு

முதல் தடவை நாங்கள் ஒரே வரிதான் கேட்டோம்: "ராகி மாவு விக்கறதுக்கு வீடியோ வசனம் எழுதிக் கொடு."

பத்து விநாடியில் வந்துவிட்டது. "பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் திறவுகோல்" என்று ஆரம்பம். படித்தவுடன் எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது. டிவி விளம்பரம் மாதிரியே இருந்தது. ஒரு உறுப்பினர் அதை மனப்பாடம் செய்து பேசினார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோம். உறவுக்காரர்கள் எல்லாம் கை தட்டும் படம் அனுப்பினார்கள்.

இரண்டாம் நாள், பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியம்மா ஒருவர் தேடி வந்தார். பல வருஷமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "வீடியோவுல சக்கரை நோயே கொணமாயிடும்னு சொன்னியாமே கண்ணு. பேத்தி காட்டுனா. அப்ப நான் மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வரி வசனத்தில் இருந்தது உண்மைதான். ஏ.ஐ. எழுதியது. நாங்கள் படித்தோம், நடித்தோம், ஆனால் யோசிக்கவில்லை. உடனே வீடியோவை எடுத்துவிட்டோம். ஊக்குநரும் பிரதிநிதியும் அந்தப் பெரியம்மா வீட்டுக்கே போய், மாத்திரையை நிறுத்தவே கூடாது, டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று பேத்தியையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் 'நாங்கள் சொன்னது தவறு' என்று மறுபடி ஸ்டேட்டஸ் போட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா வந்து கேட்காமல் மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

ஒரே வசனத்தில் நான்கு தவறு

பிறகு அந்த வசனத்தை ஒரு தாளில் எழுதி, வரி வரியாகச் சரிபார்த்தோம். நான்கு இடம் அகப்பட்டது.

ஒன்று: "சர்க்கரை நோயைக் குணமாக்கும்." இது பொய் மட்டுமல்ல, குற்றமும் கூட. குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. உணவுப் பொருளுக்கு அப்படிச் சொல்லக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளும் சொல்கின்றன. ராகியும் ஒரு தானியம்தான், அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை ஏறவும் செய்யும்.

இரண்டு: "பாலைவிட 10 மடங்கு கால்சியம்." ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 364 மில்லிகிராம் கால்சியம். பசும்பாலில் 118 மில்லிகிராம் அளவு. அதாவது எடைக்கு எடை சுமார் 3 மடங்குதான். 3 மடங்கே பெரிய விஷயம். அதை ஏன் 10 ஆக்க வேண்டும்?

மூன்று: "100 சதவீதம் ஆர்கானிக்." எங்கள் ராகியில் பாதி உறுப்பினர்களின் மானாவாரி நிலத்தில் விளைந்தது, மீதி சந்தையில் வாங்கியது. ஆர்கானிக் என்று சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. நாங்கள் அந்த வார்த்தையைச் சொல்லவும் இல்லை. ஏ.ஐ. தானாகப் போட்டுக்கொண்டது.

நான்கு: "6 மாதக் குழந்தைக்கு ஏற்ற உணவு." இது நல்ல வார்த்தைதானே என்று நினைத்தோம். ஆனால் 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவு என்று விளம்பரம் செய்யவே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதிக்கிறது. சத்துமாவு, ராகி மாவு செய்யும் குழுக்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு விஷயம் கவனித்தோம். "நீ சொன்னது சரியா?" என்று ஏ.ஐ.யிடமே கேட்டால், உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு எண்ணைச் சொல்கிறது. அதுவும் தவறாக இருக்கலாம். அதனால் சாட்சியாக அதையே வைத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு பற்றிய விஷயம் என்றால் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். பயிர், தானியம் பற்றியது என்றால் பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் 1, பையூர் 2 என்ற ராகி ரகங்கள் அங்கிருந்து வந்தவையே. எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒரு நடை போய்க் கேட்டால் போதும்.

கேட்பதற்கு முன் ஐந்து விஷயம்

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து, ஐந்து கேள்விக்கு நாங்களே பதில் எழுதிக்கொண்டோம். இந்த ஐந்தையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. யார் பார்க்க வேண்டும்? 'எல்லோரும்' என்று சொல்லாதீர்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணா? பெங்களூரில் குடியிருக்கும் நம் ஊர்க்காரரா? ஆள் மாறினால் பேச்சும் மாறும்.

2. நம் பொருளை எப்படிச் செய்கிறோம்? ஒன்று விடாமல் சொல்லுங்கள். எங்கே வாங்கினோம், எத்தனை மணி ஊற வைத்தோம், எங்கே காய வைத்தோம், எங்கே அரைத்தோம்.

3. எந்த ஒரு விஷயம் மனசில் நிற்க வேண்டும்? ஒரு வீடியோவுக்கு ஒரு விஷயம் போதும்.

4. எத்தனை விநாடி, எந்த மாதிரிப் பேச்சு? நிதானமாகப் பேசினால் 30 விநாடியில் 50, 60 சொல்தான் பேச முடிகிறது. பேச்சு வழக்கில் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேடைத் தமிழில் எழுதிவிடும்.

5. எதை எழுதக் கூடாது? நோய், மருந்து, மடங்குக் கணக்கு, ஆர்கானிக், நாம் சொல்லாத விலை, நாம் சொல்லாத பெயர். இந்த ஐந்தாவதுதான் வேலி. வேலி இல்லாத கொல்லையில் எது வேண்டுமானாலும் நுழையும்.

நாங்கள் இரண்டாவது தடவை கேட்டது

மைக்கைத் தொட்டு ஒருவர் பேசினார். அதை அப்படியே தருகிறோம். உங்கள் பொருளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

"நாங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு மகளிர் சுயஉதவிக் குழு. மொளைகட்டின ராகி மாவு விக்கறோம். ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போற பெண்கள் பாக்கறதுக்கு 30 விநாடி வீடியோ வேணும். ராகிய கல்லு மண்ணு பொறுக்கி, மூணு தண்ணி கழுவி, ராத்திரி முழுக்க ஊற வெச்சு, துணியில கட்டி, மொளை வந்ததும் நிழல்ல காய வெச்சு, லேசா வறுத்து, மெஷின்ல அரைக்கறோம். சக்கரை, பால் பவுடர், வேற எதுவும் சேக்கறதில்ல. அரை கிலோ 60 ரூபாய். மொளை கட்டற வேலைய நாங்க செஞ்சிட்டோம், நீங்க கிண்டினா போதும்ங்கறதுதான் முக்கிய விஷயம். 60 சொல்லுக்குள்ள, பேச்சுத் தமிழ்ல, அஞ்சு காட்சியா பிரிச்சுக் கொடு. நோய் பேரு, மருந்து, எத்தனை மடங்கு சத்து, ஆர்கானிக், இதெல்லாம் எழுதாதே. நான் சொல்லாத எதையும் சேக்காதே. ஏதாவது தெரியணும்னா என்னைக் கேளு."

கடைசி வரியைக் கவனியுங்கள். "ஏதாவது தெரியணும்னா என்னைக் கேளு" என்று சொன்னதும், அது திருப்பிக் கேட்டது: மாவு எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? ஆர்டர் எப்படிக் கொடுப்பது? இரண்டுமே வீடியோவில் சொல்ல வேண்டிய விஷயம்தான். எங்களுக்கு ஞாபகம் வரவில்லை. இந்த மாதிரி உதவிதான் ஏ.ஐ.யால் வரும் உண்மையான லாபம்.

வந்ததைத் திருத்துவது

இந்த முறை நன்றாகவே வந்தது. ஆனாலும் அப்படியே எடுக்கவில்லை. ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டோம். எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ அந்த இடத்தை மாற்றினோம். "முளைவிட்ட கேழ்வரகின் நற்குணம் உங்கள் இல்லம் தேடி" என்று ஒரு வரி. "இப்படி நாம எப்பங்க பேசினோம்?" என்று ஒரு அக்கா சிரித்துவிட்டார். அந்த வரி போனது. கடைசியில் நின்றது இதுதான்:

காட்சி 1 (கை மட்டும் தெரிய, ஈரத் துணியைப் பிரிப்பது): "இந்தத் துணிக்குள்ள என்ன இருக்கு பாருங்க. ராகி. மொளை விட்டிருக்கு."

காட்சி 2 (முறத்தில் புடைத்துப் பொறுக்குவது): "கல்லு மண்ணு பொறுக்கி, மூணு தண்ணி கழுவி, ராத்திரி முழுக்க ஊறுச்சு."

காட்சி 3 (நிழலில் காய வைத்திருப்பது): "நெழல்ல காஞ்சதும் லேசா வறுத்து அரைச்சோம். சக்கரை, பவுடர் எதுவும் சேக்கல."

காட்சி 4 (அடுப்பில் கூழ் கிண்டுவது): "வேலைக்குப் போயிட்டு வர உங்களுக்கு மொளை கட்ட நேரம் ஏது? அத நாங்க செஞ்சிட்டோம். நீங்க கிண்டுனா போதும்."

காட்சி 5 (நான்கு பேர் ஒன்றாக, பாக்கெட்டோடு): "அரை கிலோ அறுவது ரூபா. கீழ இருக்கற நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க."

வீடியோவில் முதல் மூன்று விநாடிதான் முக்கியம். அதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் "வணக்கம், எங்கள் குழுவின் பெயர்" என்று ஆரம்பிக்காமல், துணியைப் பிரிப்பதில் ஆரம்பித்தோம். அந்த யோசனை ஏ.ஐ. கொடுத்ததல்ல. "மொளைய பாத்தா தான் நம்புவாங்க" என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னது. அவர் பள்ளிக்கூடம் போகாதவர்.

மூன்று மொழி நம் பலம்

வேறு மாவட்டத்துக் குழுக்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. தளி, பாகலூர், பேரிகை, வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கமெல்லாம் ஒரே குழுவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறோம். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் பெங்களூர். 40 கிலோமீட்டரில் அவ்வளவு பெரிய சந்தை. அங்கே தமிழில் மட்டும் பேசினால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

ஒரு வசனம் தயாரானதும், "இதையே கன்னடத்தில், தெலுங்கில் கொடு, ஆனால் தமிழ் எழுத்தில் எழுது" என்று ஏ.ஐ.யிடம் கேட்கலாம். கன்னடம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டுப் பெயரில் ஏ.ஐ. தடுமாறும். நம் ராகிக் களி கன்னடத்தில் 'முத்தே', தெலுங்கில் 'சங்கடி'. ராகி மாவு அங்கே 'ராகி ஹிட்டு', இங்கே 'ராகி பிண்டி'. கொள்ளு கன்னடத்தில் 'ஹுருளி', தெலுங்கில் 'உலவலு'. வேறு ஏதாவது எழுதியிருந்தால், வீட்டில் அந்த மொழி பேசும் உறுப்பினர் காதில் விழுந்த உடனே கண்டுபிடித்துவிடுவார். அவரே பேசட்டும். ஏ.ஐ. குரலை வைத்துப் பேச விடாதீர்கள்.

மாதத் திட்டம் போடுவது

ஒரு வீடியோ போட்டுவிட்டு நிறுத்தினால் பயனில்லை. வாரம் ஒன்று, மாதம் நான்கு போதும். முதல் வாரம், பொருளைச் செய்யும் விதம். இரண்டாம் வாரம், வாங்கியவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில். மூன்றாம் வாரம், அந்தப் பொருளை வைத்து ஒரு சமையல். நான்காம் வாரம், பருவத்துக்கு ஏற்ற ஒன்று.

ஏ.ஐ.யிடம் கேட்டால் வருஷத்துக்கே திட்டம் போட்டுத் தரும். ஆனால் எங்களுக்கு டிசம்பரில் மாம்பழ வீடியோ போடச் சொன்னது! நம் பருவம் நமக்குத்தான் தெரியும். ராகி அறுப்பு கார்த்திகை, மார்கழி. புளி உலுக்குவது தை தொடங்கி. பங்குனியில் உகாதி வருகிறது. பச்சடிக்குப் புளி, மாங்காய், வெல்லம் மூன்றும் வேண்டும். சித்திரை தொடங்கி ஆடி வரை மாம்பழம். 2025 கோடையில் பெங்களூரா மாங்காய் விலை எப்படிச் சரிந்தது என்று நமக்குத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் மாங்காயாக விற்காமல் வடுவாகவோ, வற்றலாகவோ, ஊறுகாயாகவோ விற்கிற குழுவுக்கு, முன்கூட்டியே போட்ட வீடியோ கைகொடுக்கும். இந்தக் காலண்டரை முதலில் ஏ.ஐ.யிடம் சொல்லிவிட்டு, பிறகு திட்டம் கேளுங்கள்.

செய்யக் கூடாதவை

* உறுப்பினர் பெயர்ப் பட்டியல், ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடன் பேரேடு, இவற்றை ஏ.ஐ.யிடம் கொடுக்க வேண்டாம். வசனம் எழுத இவை எதுவும் தேவையில்லை.
* ஏ.ஐ. செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ அனுப்பிய லிங்கைத் தொடாதீர்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.
* ஏ.ஐ. வரைந்த படத்தை நம் பொருளின் படம் என்று காட்டாதீர்கள். பளபளவென்று இருக்கும், ஆனால் வாங்கியவர் பாக்கெட்டைப் பிரித்ததும் ஏமாந்து போவார். நிஜம் போலத் தெரியும் ஏ.ஐ. காட்சி இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச்சில் விதி கொண்டுவந்துவிட்டது.
* முகம் காட்ட விருப்பமில்லாத உறுப்பினரை வற்புறுத்தாதீர்கள். கை வேலையும் குரலும் போதும். யார் யார் வீடியோவில் வரச் சம்மதம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
* சினிமாப் பாட்டை வியாபார வீடியோவில் சேர்க்காதீர்கள். முறம் புடைக்கும் சத்தமே நன்றாக இருக்கிறது.
* பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், எடை, விலை, தேதி, முகவரி இல்லாமல் வீடியோ போடாதீர்கள். முதலில் பாக்கெட், பிறகு வீடியோ.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"எனக்குப் படிக்கவே தெரியாதுங்க. நான் என்ன பண்றது?" நீங்கள்தான் முக்கியம். மாவு பதம் தெரிந்தவர் சொன்னால்தான் ஏ.ஐ.க்கு விஷயம் கிடைக்கும். நீங்கள் பேசுங்கள், எழுதத் தெரிந்தவர் போனைப் பிடிக்கட்டும்.

"வீட்டுல திட்டுவாங்களே?" எங்கள் குழுவிலும் இருவர் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கை மட்டும் வரும்படி எடுத்தோம். ஆர்டர் பணம் வந்த மாதம் ஒருவர் மாமியாரே வந்து, "அடுத்த தடவ ஊறுகாயச் சொல்லு, நான் சொல்றேன் பக்குவம்" என்றார்.

"போட்டா உடனே வித்துடுமா?" உடனே விற்காது. எங்களுக்கு முதல் மாதம் ஏழு பாக்கெட்தான். ஆனால் வாங்கியதில் நான்கு பேர் மறுபடி வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பெரியம்மாவின் பேத்தி. "நீங்க தப்பு பண்ணப்ப வீடு தேடி வந்து சொன்னீங்க. அதான் வாங்கறோம்" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்குள்

ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன ஐந்து கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். போன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாளில் எழுதுங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஏ.ஐ.யிடம் கேட்போம், ஒன்றாகத் திருத்துவோம். வசனம் முடிந்ததும் மூன்று உறுப்பினர்கள் படித்து, "இதில் இருப்பது எல்லாம் எங்களுக்குத் தெரிந்து உண்மை" என்று கையெழுத்துப் போட்ட பிறகே வீடியோ எடுக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும்போது எவ்வளவு யோசிக்கிறோமோ, இதற்கும் அவ்வளவு யோசிப்போம்.